நீலவானம் கேட்ட மாதர்

புகை என்றால் செல்வம் என மக்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. தொழில் வளம் குன்றிய நாட்டினர், தொழில் வளம் மிக்க நாடுகளை ஏக்கத்துடன் நோக்கியபோது அவர்தம் கண்ணில் முதலிற் பட்டவை வானளாவிய புகைக்கூண்டுகளும் அவற்றின் உச்சியிலிருந்து எழுந்த கரும்புகையுமே. யப்பானின் தென்மேற்கிலே கியூசுத் தீவின் வடமுனையில் அமைந்த யவாத்தா நகரத்தார் இந்நம்பிக்கையில் மற்றையோரினும் ஒருபடி மேலே நின்றனர். வானத்தை நிறைக்கும் புகையைத் தம் நகரகீதத்திலேயே புகழ்ந்து பாடினர். சுற்றுப்புற ஆலைகளிலிருந்து கருமையும் செம்மையும் மஞ்சளும் வெண்மையுமாக எழுந்த புகைக்கு ‘ஏழுவண்ணப் புகை’ என்று பெயரும் இட்டனர். அப்பெயரிலே ஏளனம் கலந்திருக்கவில்லை, பெருமையே இருந்தது.

அந்தப் பெருமையை முதன்முதலில் ஐயுற்றோர் அறிஞரும் அல்லர், அரசியல்வாதிகளும் அல்லர். துணி துவைத்துக் கொடியில் உலர்த்திய இல்லத்தரசிகளே அவர்கள். அவர்கள் செய்த காரியத்தின் வரலாற்றை நேயர்கள் அறிதல் பயனுடைத்து.

யவாத்தா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரையில் ஒரு கடலோரச் சிற்றூராகவே இருந்தது. சீனாவோடு 1894 ஆம் ஆண்டில் தொடங்கிய போரில் வெற்றி பெற்ற யப்பானிய அரசாங்கம், இழப்பீடாகப் பெற்ற பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு அங்கே பெரியதோர் உருக்காலையை நிறுவியது. 1901 ஆம் ஆண்டில் அதன் முதலாவது ஊதுலை எரியூட்டப்பட்டது. அண்மையிலிருந்த சிக்குகோ வயல்களிலிருந்து நிலக்கரி வந்தது. சீனாவிலிருந்து இரும்புத்தாது கப்பலில் வந்து இறங்கியது. தோக்காய் என்னும் ஒடுங்கிய குடா துறைமுகமாயிற்று. உருக்காலையைத் தொடர்ந்து இரசாயன ஆலைகளும் கண்ணாடி ஆலைகளும் சீமெந்து ஆலைகளும் மின்னிலையங்களும் குடாவின் இருகரையிலும் எழுந்தன. தோபாத்தா, கொக்கூரா, வக்காமற்சு, மோஜி என்னும் அயல் நகரங்களும் யவாத்தாவோடு ஒட்டி வளர்ந்தன. யப்பானின் தொழில் எழுச்சிக்கும், அதனைப் பின்பற்றி வந்த போர்களுக்கும் வேண்டிய இரும்பின் பெரும்பகுதி இங்கேதான் உருகியது.

போரின் இறுதியில் நிகழ்ந்த ஒன்று இங்கு குறிப்பிடத்தக்கது. 1945 ஆகஸ்ட் 8 ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் யவாத்தாமீது தீக்குண்டுகளை வீசின. மறுநாட் காலை, அணுகுண்டைத் தாங்கிய விமானம் அயல் நகரான கொக்கூராவின்மேல் வட்டமிட்டது. முகிலும் புகையும் நகரை மூடியிருந்தமையால் குறி புலப்படவில்லை. விமானம் நாகசாக்கியை நோக்கித் திரும்பியது. எடுத்துக்கொண்ட பொருளுக்கு இது நேரே உரியதன்றெனினும், அவ்வூர்களின் கதையைச் சொல்லுமிடத்து விட்டுவிடத் தக்கதும் அன்று.

தோல்வியுற்ற நாடு மீண்டும் எழ வேண்டுமாயின் உருக்கும் நிலக்கரியும் மின்சாரமும் வேண்டும். 1950 ஆம் ஆண்டில் கொரியாவிலே போர் மூண்டதும் அவற்றின் தேவை பன்மடங்காகியது. அணைந்திருந்த உலைகள் எரிந்தன. வேலை இழந்தோர் வேலை பெற்றனர். புகைக்கூண்டு புகைந்தால் அடுப்பும் புகையும் என்பது அன்றைய யவாத்தா, தோபாத்தா மக்களின் வாழ்க்கை அனுபவம். இந்நிலையில் புகையைப் பற்றிக் குறை கூறுவது எளிதன்று.

தோபாத்தாவிலே நக்காபாரு என்றொரு பகுதி உண்டு. அதனை அடுத்து, நிலக்கரியால் இயங்கிய மின்னிலையம் ஒன்று இருந்தது. அங்கிருந்து எழுந்த கரித்தூள் இரவும் பகலும் வீடுகளின்மேற் படிந்தது. யப்பானிய வீட்டின் கதவுகள் மரச்சட்டத்தில் வெண்தாள் ஒட்டப்பட்டவை. தரையிலே கோரைப்பாய் விரிக்கப்பட்டிருக்கும். தாளும் பாயும் கரியை மறைக்கமாட்டா. காலையில் துடைத்த பாய் நண்பகலிற் கறுத்தது. துவைத்து உலர்த்திய துணியை மீண்டும் துவைக்க நேர்ந்தது. சவர்க்காரம் அருமையாயிருந்த காலம் அது. சாளரத்தைத் திறந்தால் கரி, மூடினால் வெக்கை. ஆடவர் ஆலைக்குச் சென்று மாலையில் திரும்புவர். நாள் முழுவதும் அக்கரியோடு போராடியவர் மாதரே. ஆகவே, அவர்கள் அதனை முதலில் உணர்ந்தது வியப்பன்று. உணர்ந்ததை அவர்கள் எவ்வாறு பிறர்க்கு உணர்த்தினர் என்பதே வியப்பு.

அதனைச் சொல்லுமுன் அவர்தம் சங்கத்தைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். யப்பானில் மாதர் சங்கங்கள் போருக்கு முன்னரும் இருந்தன. ஆனால் 1942 ஆம் ஆண்டில் அவை யாவும் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டு, அரசின் போர் முயற்சிக்கு ஏவல் செய்வனவாகின. மேலிருந்து வந்த கட்டளையைக் கேட்டு நடப்பதே உறுப்பினரின் கடமை. போர் முடிந்த பின்னர் அச்சங்கங்கள் ஊர்தோறும் புதிதாக எழுந்தன. யப்பானிய மாதர் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1946 ஏப்ரிலிலேதான். இலங்கை மாதர் 1931 ஆம் ஆண்டிலேயே வாக்களித்தவர்கள் என்பதை நினைத்தால், யப்பானிய மாதருக்கு அந்த உரிமை எவ்வளவு புதியது என்பது விளங்கும். நான்காண்டுக்கு முன்னர் வரை நகரசபையின் அறிவித்தலைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்கள், 1950 ஆம் ஆண்டில் நகரசபையை நோக்கி ஒரு கேள்வி கேட்கத் துணிந்தனர்.

நக்காபாரு மாதர் சங்கத்தார் கூட்டம் கூட்டிக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவதோடு அமையவில்லை. கரியினால் விளையும் கேட்டைத் தாமே ஆராயப் புகுந்தனர். ஆய்வு கூடமோ கருவியோ அவர்களிடம் இல்லை. இருந்தவை வெண்துணிகள். படுக்கை விரிப்புகளையும் சட்டைகளையும் வெளியிலே தொங்கவிட்டு, அவை எவ்வாறு கறுக்கின்றன என்று நோக்கினர். வீட்டுக்கு வீடு நேர்ந்த பாதிப்பைக் கேட்டறிந்தனர். கறுத்த துணியையும் கேட்டறிந்த செய்தியையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு நகரசபையிடம் சென்றனர்.

‘எங்கள் வீட்டில் கரி விழுகிறது’ என்று ஒரு பெண் சொன்னால், அவளுடைய வீடு துப்புரவற்றது என்று ஒருவர் மறுமொழி கூறிவிடலாம். ஆனால் மேசைமீது விரிக்கப்பட்ட துணிக்கு அவ்வாறு மறுமொழி கூறல் இயலாது. நகரசபையினர் இவ்விடயத்தை ஏற்றுக்கொண்டனர். மின்னிலையத்தாரோடு பேச்சு நடைபெற்றது. முடிவில் மின்னிலையத்திலே தூசு பிடிக்கும் பொறி அமைக்கப்பட்டது. ஆலை மூடப்படவில்லை, எவரும் வேலை இழக்கவும் இல்லை. கரி குறைந்தது.

இவ்வெற்றியை அளவுக்கு மிஞ்சிப் பாராட்டவும் வேண்டியதில்லை. ஒரு மின்னிலையம், ஒரு பொறி, அவ்வளவே. குடாவைச் சூழ்ந்த நூற்றுக்கணக்கான புகைக்கூண்டுகள் முன்போலவே புகைந்தன. எனினும் ஊரவர் ஒன்றை அறிந்துகொண்டனர்: புகை இயற்கையின் விதியன்று, மனிதன் விடுவது, மனிதனாற் பிடிக்கத்தக்கது.

அடுத்த பத்தாண்டில் யப்பானின் பொருளாதாரம் உலகமே வியக்குமளவு வளர்ந்தது. வளர்ச்சியோடு எரிபொருளும் மாறியது. நிலக்கரியின் இடத்திலே மத்திய கிழக்கிலிருந்து வந்த எண்ணெய் புகுந்தது. எண்ணெயின் புகையிற் கரி குறைவு. ஆனால் கந்தகம் மிகுதி. கந்தகம் எரிந்து கந்தகவீரொட்சைட்டு என்னும் வாயுவாகிறது. கரி பாயிலே தெரியும், துணியிலே தெரியும். இவ்வாயுவோ கண்ணுக்குத் தெரியாது. மூக்கையும் தொண்டையையும் அரித்து, நெஞ்சில் இருமலாகவும் இழுப்பாகவும் வெளிப்படும். பகை மறைந்திருந்து தாக்கத் தொடங்கிற்று. வெண்துணியைத் தொங்கவிட்டு இதனைப் பிடிக்க முடியாது.

1963 பெப்ரவரியில் ஐந்து நகரங்களும் ஒன்றிணைந்து கித்தாக்கியூசு என்னும் பெருநகராயின. அதன் குடித்தொகை பத்து இலட்சத்தைக் கடந்தது. அந்நகரின் வளிநிலை எவ்வாறிருந்தது என்பதற்கு ஓர் அளவு சொல்லலாம். வாய் அகன்ற சாடி ஒன்றைத் திறந்தவெளியில் ஒரு மாதம் வைத்து, அதில் வீழ்ந்த தூசை உலர்த்தி நிறுத்து, ஒரு சதுரக் கிலோமீற்றருக்கு எத்தனை தொன் என்று கணிப்பது அக்கால முறை. 1965 ஆம் ஆண்டில் யவாத்தாவின் சிரொயாமாப் பகுதியில் மாதமொன்றுக்குச் சராசரி 80 தொன் தூசு வீழ்ந்தது. மிகுந்த மாதத்தில் 108 தொன் வீழ்ந்தது. யப்பானிலேயே அதற்கு மிஞ்சிய அளவு வேறெங்கும் பதியப்படவில்லை. தொன் கணக்கு மனத்திற் பதியாதெனின் வேறு வகையாகக் கணித்துப் பார்க்கலாம். நூறு சதுர மீற்றர்க் கூரையுடைய ஒரு வீட்டின்மேல் மாதத்துக்கு 8 கிலோகிராம். ஆண்டுக்கு 96 கிலோகிராம். அரிசி மூடையினும் பாரமான தூசு ஆண்டுதோறும் ஒவ்வொரு வீட்டின் தலையிலும் இறங்கியது.

அந்தச் சிரொயாமாவில் ஓர் ஆரம்பப் பாடசாலையும் இருந்தது. சுற்றிவர ஆலைகள். அப்பாடசாலைக்கு ஊரார் வழங்கிய பெயர் புகையோடு சேர்ந்தே வழங்கியது. கோடையிலும் சாளரங்களை மூடிக்கொண்டு பிள்ளைகள் படித்தனர். குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறிடம் பெயர, மாணவர் தொகை குறைந்து, இறுதியில் அப்பாடசாலை மூடப்பட்டது. புகையினால் ஒரு பாடசாலை மூடுண்ட நிகழ்ச்சி கல்வித்துறையினர் எவரும் மறக்கத்தக்கதன்று.

இக்காலத்திலே தோபாத்தா மாதர் மீண்டும் எழுந்தனர். இம்முறை முன்னின்றது சன்ரொக்கு என்னும் பகுதியின் மாதர் சங்கம். அப்பகுதியின் அருகே, தயர் இறப்பருக்கும் அச்சு மைக்கும் வேண்டிய காபன் கருந்தூளைச் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. பெயருக்கேற்ற பொருள் அது. பட்ட இடம் கறுக்கும். ஆனால் அவர்கள் கரியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது, அது பிள்ளைகளை என்ன செய்கிறது என்று கேட்டனர். இக்கேள்விக்கு விடை காணப் படிப்பு வேண்டும். ஆகவே படிக்கத் தொடங்கினர்.

நகரின் சமூகக் கல்விப் பகுதியிலே பணியாற்றிய கயாசி எய்தாய் என்னும் இளைஞர் அவர்களுக்கு உறுதுணையானார். அவர் பின்னாளில் அரசாங்க வேலையை விட்டு, தொழிலாளரதும் ஒடுக்கப்பட்டோரதும் வரலாற்றை எழுதும் எழுத்தாளராகப் புகழ்பெற்று, 2017 ஆம் ஆண்டிற் காலமானார். பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாதரின் வகுப்புகளுக்கு வந்து வளிமண்டலத்தைப் பற்றியும் வாயுக்களைப் பற்றியும் விளக்கினர். சமையலை முடித்துக் கைதுடைத்து வந்த பெண்கள், வரைபடம் கீறவும் சராசரி காணவும் கற்றனர்.

அயலிலுள்ள ஊபே நகரத்தின் முன்மாதிரியும் அவர்களுக்குக் கிட்டியது. ஊபே சுரங்க நகரம். சாம்பல் மிகுந்த நிலக்கரியை எரித்தமையால் உலகிலேயே அதிகச் சாம்பல் பொழியும் ஊர் என்று பேர்பெற்றிருந்தது. அங்கே 1951 ஆம் ஆண்டளவிலேயே நகரசபையாரும் ஆலை அதிபரும் மருத்துவ அறிஞரும் ஒரே குழுவில் அமர்ந்து, தூசை அளந்து, அளவை மறைக்காது வெளியிட்டு, ஆண்டுதோறும் குறைத்து வந்தனர். பொறிகளிற் பிடிபட்ட சாம்பல் சீமெந்து செய்யப் பயன்பட்டது. வழக்கு மன்றத்துக்குச் செல்லாமலே ஓரளவு பயன் கிட்டியது. எல்லா ஊர்களிலும் ஆலை அதிபர்கள் இவ்வாறு இணங்குவார்கள் என்று எண்ணிவிடல் ஆகாது. ஊபேயின் ஆலைகள் உள்ளூராரின் முதலீட்டில் வளர்ந்தவை. அவற்றின் அதிபர்களும் அந்தச் சாம்பலின் கீழேயே குடியிருந்தனர்.

தோபாத்தா மாதர் செய்த ஆய்வில் மிகச் சிறந்தது பாடசாலை வரவு இடாப்பைப் புரட்டியதாகும். நாட்டின் எந்தப் பாடசாலையிலும் ஆசிரியர் நாள்தோறும் காலையில் இடாப்பைக் குறிக்கிறார். ஆண்டு முடிந்ததும் அது அலுமாரியிற் போய்ச் சேர்கிறது. அதில் ஒரு நகரத்தின் மூச்சே பதிந்து கிடக்கிறது என்பதை எவரும் நினைப்பதில்லை. மாதர் அந்த இடாப்புகளிலிருந்து பிள்ளைகள் வராத நாள்களை எடுத்து எண்ணினர். வளியை அளந்தோர் கொடுத்த எண்களை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தனர். வளி மிகுதியாக மாசுற்ற இடங்களிலும் காலங்களிலும் பாடசாலைக்கு வராத பிள்ளைகளின் தொகை மிகுந்திருந்தது. கண்ணுக்குப் புலனாகாத வாயு, வரவு இடாப்பிலே தன் கைரேகையை விட்டுச் சென்றிருந்தது. முன்னர் கறுத்த துணி ஆற்றிய பணியை இப்போது இடாப்பு ஆற்றியது.

1965 ஆம் ஆண்டில் தோபாத்தாவின் மாதர் சங்கங்கள் ஒன்றுகூடித் தம் ஆய்வை அறிக்கையாக வெளியிட்டன. அத்தோடு நில்லாது, எட்டு மில்லிமீற்றர்ப் படச்சுருளிலே சிறிய திரைப்படம் ஒன்றையும் ஆக்கின. அதன் பெயர், தமிழிற் சொன்னால், ‘எமக்கு நீலவானம் வேண்டும்’ என்பதாகும். புகைக்கூண்டுகளையும் வீடுகளையும் தம் சோதனைகளையும் அவர்களே படமாக்கினர். அறிக்கையைப் படிக்காதவரும் படத்தைப் பார்ப்பர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஊர்க் கூட்டங்களிலே அது காட்டப்பட்டது. நகரசபையினரும் ஆலைத் தலைவர்களும் அதனைக் கண்டனர்.

இங்கே ஓர் இக்கட்டு உண்டு. அதனை மறைத்து இவ்வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. படம் பிடித்த மாதருட் பலரின் கணவர் அதே ஆலைகளின் தொழிலாளர். மனைவி கூட்டத்திற் பேசினால் கணவன் ஆலையில் தலைகுனிய நேரும். சம்பளமும் வீடும் பிள்ளையின் படிப்பும் அந்தப் புகைக்கூண்டைச் சார்ந்தவை. தாயின் கடமைக்கும் மனைவியின் கடமைக்கும் இடையிலே அவர்கள் நின்றனர். ஆகவேதான் அவர்களின் நடையிலே ஓர் எச்சரிக்கை காணப்படுகிறது. ஆலையை மூடுக என்று அவர்கள் கேட்டதில்லை. கொடி பிடித்து வாயிலை மறித்ததும் இல்லை. அளந்ததைச் சொன்னார்கள், அளவைக் குறைக்கும் பொறியைக் கேட்டார்கள். இதனைக் கோழைத்தனம் என்று பின்னாளிற் சிலர் கருதக்கூடும். ஆயினும் சோற்றுப் பானையைக் கையிற் பிடித்துக்கொண்டு வாதாடியவர்க்கு வேறு வழி இருந்ததா என்பதையும் சிந்தித்தல் வேண்டும்.

வேறு வழியிற் சென்றோரும் அக்காலத்தில் இருந்தனர். அவர்களின் நிலைமை வேறு. யப்பானின் நடுப்பகுதியில், பூஜி மலையின் தென்புறத்தில் நுமாசு, மிசிமா என்னும் இரு நகரங்களும் அவற்றை அடுத்துச் சிமிசு என்னும் ஊரும் உள்ளன. 1963 ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே பெரியதொரு பெற்றோலிய இரசாயனத் தொகுதியை அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அம்மக்களுக்குப் புகை சோறு போட்டதில்லை; ஆலை இன்னும் எழவில்லை. அவர்கள் யொக்காயிச்சி என்னும் நகருக்குச் சென்று பார்த்தனர். அத்தகைய தொகுதி அமைந்த அந்நகரிலே இழுப்பு நோய் ஊரின் பெயரையே தாங்கி நின்றது. கண்டதை வந்து சொன்னார்கள்.

அரசாங்கம் அறிஞர் குழு ஒன்றை அனுப்பியது. மிசிமாவிலிருந்த தேசிய பிறப்புரிமையியல் நிலையத்தின் அறிஞரும் நுமாசுத் தொழில்நுட்ப உயர்நிலைப் பாடசாலையின் ஆசிரியர்களும் சேர்ந்து ஊரார் சார்பிலே தனியோர் ஆய்வு நடத்தினர். காற்று எத்திசையில் வீசும், புகை எங்கே செல்லும் என்பதே கேள்வி. யப்பானிலே மே மாதத்தில் ஆண்பிள்ளைகளின் திருநாளுக்காக வீடுதோறும் கெண்டைமீன் வடிவான துணிக்கொடிகளைக் கம்பத்தில் ஏற்றுவர். காற்று புகுந்தால் அது மீன்போல் நீந்தும். 1964 மே மாதத்தில் ஏறத்தாழ முந்நூறு மாணவர்கள் பத்து நாள்களாக அக்கொடிகள் நீந்திய திசையைக் குறித்துவந்தனர். விலையுயர்ந்த காற்றுமானிகளை ஊரெங்கும் நாட்டப் பணம் இல்லாதிருக்கலாம். ஆனால் ஊரெங்கும் ஏற்கெனவே கொடிகள் பறந்தன. அவ்வாசிரியரின் கூர்மையை மெச்சாதிருத்தல் இயலாது. கணித வகுப்பும் புவியியல் வகுப்பும் அந்தப் பத்து நாள்களிலே பாடசாலைச் சுவரைத் தாண்டி ஊருக்குள் வந்தன.

இரு ஆய்வுகளும் இரு முடிவுகளைக் கூறின. தக்க முறையில் அமைத்தால் தீங்கில்லை என்றது அரசாங்கக் குழு. தீங்கு உண்டு என்றது ஊரவர் குழு. இரு குழுவினரும் நேருக்கு நேர் அமர்ந்து வினாவி விடை கூறினர். அவ்வாண்டு செப்டெம்பரில் நுமாசுவிலே கூடிய கூட்டத்தில் 25,000 பேர் திரண்டனர். சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது. நாட்டின் வளர்ச்சித் திட்டமொன்றை ஊரார் நிறுத்தியது அங்கே அதுவரை கேள்விப்படாத செய்தி. வராத ஆலையைத் தடுப்பதிலும் வந்துவிட்ட ஆலையைத் திருத்துவதே கடினம் என்பதையும், நுமாசுவின் வெற்றியை அளவுகோலாக வைத்துத் தோபாத்தாவை அளத்தல் பொருந்தாது என்பதையும் இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிடுவோர் உணர்வர்.

யொக்காயிச்சியிலே நோயாளர் ஒன்பதின்மர் 1967 ஆம் ஆண்டில் ஆறு கம்பனிகள்மேல் வழக்குத் தொடுத்து, 1972 யூலையில் வெற்றி பெற்றனர். அதற்கிடையில் அரசாங்கமும் அசைந்தது. 1967 ஆம் ஆண்டில் மாசு தடுப்பிற்கான அடிப்படைச் சட்டமும், 1968 ஆம் ஆண்டில் வளி மாசுச் சட்டமும் பிறந்தன. 1970 ஆம் ஆண்டின் இறுதியிற் கூடிய நாடாளுமன்றம் மாசு பற்றிய பதினான்கு சட்டங்களை ஒரே அமர்வில் நிறைவேற்றியது. கித்தாக்கியூசுவில் 1969 ஆம் ஆண்டிலே முதலாவது புகைமூட்ட எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 1971 இல் மாசு தடுப்பிற்கெனத் தனித்துறை நகராட்சியில் நிறுவப்பட்டது. 1972 ஆம் ஆண்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் நகராட்சியோடு எழுத்து மூலமான உடன்படிக்கை செய்துகொண்டன. கந்தகம் குறைந்த எண்ணெய்க்கும் எரிவாயுவிற்கும் மாறுவது, புகையிலிருந்து கந்தகத்தை நீக்குவது, தூசு பிடிக்கும் பொறி அமைப்பது, பழைய உலைகளை மூடிப் புதியவற்றிலே தொழிலை ஒருங்கு சேர்ப்பது ஆகியன அதன் வழியே நடைபெற்றன. காற்று அசையாது தேங்கும் நாள்களில் ஆலைகள் எரிபொருளைக் குறைக்கும் ஏற்பாடும் வந்தது.

இவை யாவும் மாதரால் ஆயின என்று சொல்வது புகழ்ச்சியாகுமேயன்றி வரலாறு ஆகாது. சட்டம் இன்றி ஆலைகள் இணங்கியிரா. பொறியியலாளர் இன்றிப் பொறிகள் பிறந்திரா. பணமும் சிறிதன்று: 1972 முதல் 1991 வரையான இருபதாண்டுகளில் அந்நகரில் மாசு தடுப்பிற்காகச் செலவான தொகை 80,000 கோடி யென்னுக்கு மேற்பட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பொதுப்பணம். எஞ்சியது கம்பனிகளின் பணம். மாசுற்றது கம்பனிகளாலே, துடைத்தது பெரும்பாலும் மக்களின் வரிப்பணத்தாலே என்று கணக்கு வாசிப்போர் கூறினால் அதனை முற்றாக மறுத்தல் அரிது. எனினும், சட்டம் வருமுன்னர், துறை அமையுமுன்னர், புகை தீங்குடையது என்பதை அந்த நகரிலே முதலில் நிறுவிக் காட்டியவர் யார் என்ற கேள்விக்கு விடை ஒன்றே.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைவிற் சொல்லலாம். தோக்காய்க் குடா ஒரு காலத்தில் உயிரினம் எதுவும் வாழாத கடல் எனப்பட்டது. அதன் அடியிலே படிந்திருந்த நச்சுச்சேறு தோண்டி அகற்றப்பட்டது. மீனும் இறாலும் திரும்பின. 1987 ஆம் ஆண்டில் யப்பானியச் சுற்றாடல் முகவரகம், விண்மீன்கள் நன்கு தெரியும் ஊர்களுள் ஒன்றாகக் கித்தாக்கியூசுவைத் தெரிவு செய்தது. 1990 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு அந்நகருக்குப் பரிசளித்தது. ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்து அதிகாரிகளும் பொறியியலாளரும் அங்கே பயிற்சிக்குச் செல்லலாயினர்.

ஆயினும், வானம் தெளிந்த வேகத்தில் நெஞ்சு தெளியவில்லை. புகையினால் இழுப்பும் மார்புச்சளி நோயும் உற்றோரை அரசாங்கமே பதிந்து, மருத்துவச் செலவும் உதவித்தொகையும் வழங்கும் முறை 1970 களிலே யப்பானில் ஏற்பட்டது. கம்பனிகள் விடும் கந்தகத்தின் அளவுக்கேற்ப அறவிடப்பட்ட கட்டணம் அதற்குப் பயன்பட்டது. தோக்காய்க் குடாவின் கரையோரமும் அம்முறையின்கீழ் வந்த பகுதிகளுள் ஒன்று. வளி தூய்மையடைந்துவிட்டது என்று கூறி, 1988 மார்ச்சு மாதத்தில் புதிய நோயாளரைப் பதிதல் நிறுத்தப்பட்டது. அப்போது நாடெங்கும் பதிவில் இருந்தோர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். அவர்களுட் பலர், தாய்மார் வரவு இடாப்பைப் புரட்டி எண்ணிய ஆண்டுகளிலே பாடசாலைக்குச் செல்ல முடியாது வீட்டிற் கிடந்த வயதினர்.